டகோமா தொட்டியில் இருவர் தூங்க 2,500 டாலர் போதுமா?

கேள்வி சுருக்கமாக இது. 2018 டொயோட்டா டகோமா பிக்கப் டிரக், ஆக்சஸ் கேப் (முன்னிருக்கைக்குப் பின்னால் சின்ன இடம் மட்டும் உள்ள கேபின்), பின்னால் சரக்கேற்றும் 6 அடித் தொட்டி. கணவன், மனைவி இருவர் மட்டும். வீடு டென்வரில். ஆண்டுக்கு 15, 20 இரவுகள் வெளியே தங்க ஆசை. பெரும்பாலும் வார இறுதிகள், ஆண்டுக்கு ஒருமுறை யூட்டா பக்கம் ஒரு நீண்ட பயணம். கையில் 2,500 டாலர். வண்டிமேல் விரிக்கும் கூரைக் கூடாரம் வாங்குவதா, தொட்டியை மூடும் கெட்டிக் கூரையான டாப்பரா, அல்லது பழைய ஸ்லைடு-இன் கேம்பர் ஒன்றைத் தூக்கி வைப்பதா? கடைசியில் ஒரு வரி: "மழை பெய்தால் உள்ளே உட்கார்ந்து காபி குடிக்க முடிய வேண்டும் என்கிறாள் மனைவி."

உங்கள் கேள்வியிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கடைசி வரிதான். பிக்கப்பில் தங்குவதைப் பற்றிப் பேசும் பலரும் எப்படிப் படுப்பது என்றுதான் யோசிக்கிறார்கள். எப்படி உட்காருவது என்று கேட்பவர் குறைவு. இதைப் படிக்காமல் பாதியில் எழுந்து போகிறவர்களுக்காக முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய ஃபைபர்கிளாஸ் டாப்பர் ஒன்று வாங்குங்கள், தொட்டியின் தரையிலேயே படுங்கள், பலகைக் கட்டில் அடிக்காதீர்கள். 1,400 டாலருக்குள் முடியும். மிச்சத்தைப் பெட்ரோலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சரி, காரணங்களுக்கு வருவோம். முதலில் கடைக்குப் போகாமல் வண்டிக்குப் போங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அந்த எண்தான் உங்கள் வண்டியின் பேலோடு. ஒரே மாடல், ஒரே ஆண்டு என்றாலும் வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் இணையத்தில் பார்த்த எண்ணை நம்ப வேண்டாம். டகோமாவில் இது பெரும்பாலும் 1,000 முதல் 1,200 பவுண்டுக்குள் இருக்கும். இதில் ஓட்டுநரின் எடையும் அடக்கம். "என் வண்டி 6,400 பவுண்டு இழுக்குமே" என்று சிலர் ஆரம்பிப்பார்கள். பின்னால் இழுப்பது வேறு, முதுகில் சுமப்பது வேறு.

உங்கள் ஸ்டிக்கர் 1,100 என்று வைத்துக்கொண்டு கூட்டிப் பார்ப்போம். இருவருக்கு 310 பவுண்டு. டாப்பர் 170. மெத்தை, போர்வை 30. 7 கேலன் தண்ணீர் கேன் ஒன்று 58. ஐஸும் சாப்பாடும் நிறைந்த கூலர் 60. அடுப்பு, பாத்திரம், எரிவாயு 40. துணிமணி, ஸ்பேனர், ஜாக்கி, கயிறு என்று ஒரு 80. மொத்தம் 748. இன்னும் 350 பவுண்டு கையில் இருக்கிறது. மண் சாலையில் பிரேக் அடிக்கும்போதும், மலையிறக்கத்திலும் அந்த மிச்சம்தான் உங்களைக் காப்பாற்றும்.

இந்தக் கணக்கிலேயே ஸ்லைடு-இன் கேம்பர் அடிபட்டுப் போகிறது. தொட்டிக்குள் இறக்கி வைக்கும் அந்தப் பெட்டி வீடுகளில் கூரை மடங்குகிற சின்ன வகையே பல 800, 900 பவுண்டு இருக்கும். தண்ணீரும் சாமானும் சேராமல். நீங்கள் இருவரும் ஏறி உட்கார்ந்தால் ஸ்டிக்கரைத் தாண்டிவிடும். கெட்டிச் சுவர் உள்ளவை இன்னும் கனம். 1,500 டாலருக்குப் பழையது கிடைக்கிறது என்றால் அதற்கும் காரணம் உண்டு. பழையவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எலும்புக்கூடு மரம். கூரை மூலையில் கசிந்த தண்ணீர் சுவருக்குள் இறங்கி அந்த மரத்தைச் சத்தமில்லாமல் தின்றிருக்கும். படுக்கைக்கு மேலே உள்ள மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பஞ்சு போல் அமுங்கினால் விற்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். எஃப்-250 போன்ற பெரிய பிக்கப் வைத்திருப்பவருக்கு இது நல்ல வழியாக இருக்கலாம். டகோமாவுக்கு இல்லை.

டாப்பர் போலத் தொட்டிமேல் உட்கார்ந்து, கூரை மட்டும் ஆப்பு வடிவில் மேலே திறக்கும் கேம்பர்கள் இப்போது பிரபலம். மொன்டானாவில் கோ ஃபாஸ்ட் கேம்பர்ஸ் செய்வது அந்த வகை. எடை 300 பவுண்டுக்குள், நிமிடத்தில் திறக்கலாம், கீழே நிற்கக்கூட முடியும். எனக்கும் ஆசைதான். ஆனால் விலை உங்கள் பணத்தைப் போலப் பல மடங்கு. ஆண்டுக்கு 60 இரவு தங்குகிறவர் யோசிக்கலாம்.

கூரைக் கூடாரத்துக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் மனம் அதில்தான் இருக்கிறது என்று கேள்வியின் வரிசையிலேயே தெரிகிறது. படத்தில் பார்க்க அழகு, அதை மறுக்கவில்லை. மெத்தை உள்ளேயே இருக்கும், கால் நீட்டிப் படுக்கலாம், தொட்டி முழுக்கச் சாமானுக்குக் கிடைக்கும். ஆனால் செலவைக் கூட்டுங்கள். துணிக் கூடாரமே 1,000 டாலரைச் சுற்றி வரும். கெட்டி ஓடு உள்ளது அதைப் போல இரண்டு, மூன்று மடங்கு. அதைப் பொருத்தத் தொட்டிமேல் இரும்பு அல்லது அலுமினியச் சட்டம் வேண்டும், அது தனியாகச் சில நூறு டாலர். கூடாரமும் சட்டமும் சேர்ந்து 200 பவுண்டைத் தாண்டலாம். அத்தனையும் உயரத்தில் உட்காருவதால் வளைவில் வண்டி ஆடுவது தெரியும். நள்ளிரவில் சிறுநீர் கழிக்க ஏணியில் இறங்க வேண்டும். மலைக்காற்று வீசும் இரவில் துணி படபடவென்று அடிக்கும் சத்தத்தில், பாய்மரக் கப்பலில் மாட்டிக்கொண்டது போல் விழித்துக் கிடக்க வேண்டும். காலையில் ஈரத்தோடு மடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து விரித்துக் காயவைக்க மறந்தால் பூஞ்சைதான். முக்கியமாக உங்கள் மனைவியின் காபி. மழையில் ஏணி ஏறி இறங்கிக்கொண்டு யார் காபி குடிப்பது?

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். உங்கள் தொட்டி 5 அடியாக இருந்திருந்தால் நான் இவ்வளவு அடித்துப் பேசமாட்டேன். டகோமாவின் குட்டைத் தொட்டி உள்ளளவு 60 அங்குலத்தைச் சற்றே தாண்டும். 154 சென்டிமீட்டர். அதில் நேராகப் படுக்க ஐந்தடி ஆள்தான் முடியும். டெயில்கேட்டை, அதாவது தொட்டியின் பின்பக்கக் கதவை, திறந்து போட்டு அதன்மேல் கால் நீட்டலாம்; அப்போது டாப்பரின் பின்கதவு மூடாது, தார்ப்பாயோ தைத்த திரையோ தொங்கவிட வேண்டும். கோடையில் சரி. அக்டோபரில் வேண்டாம். அந்தத் தொட்டிக்காரர்கள் கூரைக் கூடாரம் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. உங்கள் 6 அடித் தொட்டி 73 அங்குலத்துக்கும் மேல், அதாவது 187 சென்டிமீட்டர். நீங்கள் ஐந்தடி ஒன்பது அங்குலம் என்றாலும் கதவை மூடிக்கொண்டு கால் நீட்டலாம். ஆக்சஸ் கேப்பில் பின்னால் ஆள் உட்கார முடியாது என்று சலித்துக்கொள்வார்கள். உங்களைப் போன்ற இருவருக்கு அது வரம். இரவில் சாமானெல்லாம் அந்தப் பின்னிடத்துக்குப் போய்விடும்.

இனி நான் சொல்லப்போவதுதான் பலரும் ஒத்துக்கொள்ளாத பகுதி. டாப்பர் வாங்கியதும் எல்லோரும் செய்யும் முதல் வேலை, 2-க்கு-4 கட்டையும் பிளைவுட்டும் வாங்கி வந்து மேடை அடிப்பது. கீழே இழுப்பறை, மேலே மெத்தை. நானும் அடித்தேன். இரண்டு சனிக்கிழமை, 180 டாலர், ஒரு வீங்கிய கட்டைவிரல். முதல் மழையிலேயே தெரிந்துவிட்டது என்ன தப்பு செய்தேன் என்று.

தொட்டியின் ஆழம் சுமார் 19 அங்குலம். கேபின் உயரத்துக்கே இருக்கும் சாதாரண டாப்பர் அதற்கு மேல் இன்னும் அவ்வளவே தரும். ஆக தரையிலிருந்து கூரை வரை 38 அங்குலம் போல. சராசரி உயரமுள்ள ஆண் சம்மணமிட்டு உட்கார்ந்தால் தலை 36 அங்குலத்தைத் தொடும். மெல்லிய மெத்தை போட்டால் முடி உரசும், ஆனால் உட்கார்ந்துவிடலாம். இப்போது தொட்டிக்குள் இருபுறமும் துருத்தும் சக்கர மேடுகளுக்கு மேலே, 10 அங்குல உயரத்தில் பலகை அடியுங்கள். அதன்மேல் 3 அங்குல மெத்தை. மிச்சம் 25 அங்குலம். அதில் படுக்கலாம், புரளலாம், முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கலாம். உட்கார முடியாது. உடை மாற்றுவது கூட்டுப்புழு வேலை. மழை நாளில் நாலு மணிக்கே இருட்டினால், காலை வரை பெட்டிக்குள் வைத்த பொம்மை மாதிரி கிடக்க வேண்டியதுதான்.

தரையில் படுப்பதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம், சக்கர மேடுகளுக்கு இடையே அகலம் போதாது என்பது. டகோமாவில் அந்த இடைவெளி 41 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. கேம்பிங் மெத்தையின் வழக்கமான அகலம் 20 அங்குலம். இரண்டு போட்டால் 40. அளந்து செய்தது போல உட்காரும். 25 அங்குல "வைடு" மெத்தை வாங்கிவிடாதீர்கள், அவ்வளவுதான். சக்கர மேடு இரண்டும் தலைமாட்டு அலமாரி ஆகிவிடும்: கண்ணாடி, டார்ச், செல்போன், தண்ணீர் பாட்டில். எஃப்-150 போன்ற முழு அளவு வண்டிகளில் அந்த இடைவெளி 50 அங்குலம், அவர்களுக்கு இன்னும் தாராளம். பருமனான இருவருக்கு 40 அங்குலம் நெருக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதைத் தெரிந்துகொள்ள ஒரு பைசா செலவில்லை: வீட்டு ஹாலில் 40 அங்குலத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, ஓர் இரவு இருவரும் அதற்குள் தூங்கிப் பாருங்கள். டேப்பைத் தாண்டியவர் யார் என்ற சண்டைக்கு நான் பொறுப்பில்லை.

தொட்டித் தரை வரிவரியாக மேடுபள்ளமாக இருக்கும். அதன்மேல் குழந்தைகள் விளையாடும், ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஃபோம் ஓடுகளைப் பரப்புங்கள். 40 டாலர் ஆகும், எடை ஒன்றுமில்லை, கீழிருந்து வரும் குளிரையும் தடுக்கும். குதிரை லாயத்துக்கு விற்கும் கனத்த ரப்பர் பாயைச் சிலர் பரிந்துரைப்பார்கள். 4-க்கு-6 அடிப் பாய் ஒன்றே 100 பவுண்டு வரும், வேண்டாம். மெத்தையில் ஆர்-மதிப்பு என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், குளிரைத் தடுக்கும் திறன் அது. கொலராடோ மலையில் ஜூலையிலும் இரவு நடுக்கும் என்பதால் 4-க்குக் குறையாமல் பாருங்கள். இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மற்ற எதிலும் கஞ்சத்தனம் செய்யலாம்.

டாப்பரைத் தேடும் விதம். புதிது வாங்கினால் லீர், ஏ.ஆர்.ஈ., ஸ்னக்டாப் போன்றவை 2,000 டாலருக்கு மேல்தான், அதோடு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பழையது ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் கிரெய்க்ஸ்லிஸ்டிலும் 500 முதல் 1,000 டாலருக்குள் கிடைக்கும். பொறுமை வேண்டும், வண்ணத்தில் பிடிவாதம் கூடாது. வெள்ளை வண்டிக்குப் பச்சை டாப்பர் வந்தால் என்ன, உள்ளே இருந்து பார்த்தால் தெரியவா போகிறது?

ஆனால் பொருத்தத்தில் பிடிவாதம் வேண்டும். உங்களுடையது 2016 முதல் 2023 வரை வந்த மூன்றாம் தலைமுறை. 2005 முதல் 2015 வரையிலானவற்றின் டாப்பர் "கிட்டத்தட்ட" பொருந்தும். அந்தக் கிட்டத்தட்டவை நம்பி நான் 350 டாலருக்கு ஒன்று வாங்கினேன். விற்றவர் "அப்படியே உட்காரும்" என்றார். உட்கார்ந்தது, பின்கதவுக்கும் டெயில்கேட்டுக்கும் நடுவே விரல் நுழையும் சந்து விட்டு. கிரெஸ்டட் பியூட் பக்கத்தில் ஒரு பிற்பகல் மழை அந்தச் சந்து வழியாக வந்து மெத்தையின் கால்மாட்டை ஊறவைத்தது. அதனால் அளவு டேப்போடு போங்கள். தொட்டியின் நீளம், முன்பக்க அகலம், பின்பக்க அகலம் மூன்றையும் உங்கள் வண்டியில் அளந்து எழுதிக்கொண்டு, டாப்பரின் அடியிலும் அளந்து ஒப்பிடுங்கள். டகோமா தொட்டியின் உள்விளிம்பில் பொருள் கட்டுவதற்கான தண்டவாளம் ஓடும். சாதாரண சி-கிளாம்ப் அதில் சரியாகப் பிடிக்காது, தண்டவாளத்துக்கென்றே வரும் கிளாம்ப் கேளுங்கள். தொட்டியில் துளை போட வேண்டியதில்லை.

பார்க்கும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், ஜன்னலைப் பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றாக, சறுக்கித் திறக்கும் ஜன்னல் இருக்க வேண்டும், கொசுவலையோடு. திறக்காத கண்ணாடி பதித்த டாப்பர் பாதி விலைக்கு வந்தாலும் தூங்குவதற்கு ஆகாது. உள்ளே கூரையில் கம்பளித் துணி ஒட்டியிருந்தால் கூடுதல் புள்ளி. ஏன் என்றால் மூச்சுக் காற்று. இருவர் ஓர் இரவில் வெளியே விடும் ஈரம் அரை லிட்டருக்கு மேல் போகும். குளிர்ந்த கூரையில் அது நீராகிச் சொட்டும். ப்யூனா விஸ்டாவுக்கு மேலே ஒரு அக்டோபர் காலை, நான் எழுந்து தலை இடித்ததும் கூரையிலிருந்து உறைபனி பொலபொலவென்று கழுத்துக்குள் உதிர்ந்தது. குளிருக்குப் பயந்து ஜன்னலை இறுக்க மூடியதன் பலன். இப்போது எவ்வளவு குளிரானாலும் இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் திறந்து வைக்கிறேன். கொஞ்சம் காற்று வரட்டும், தடித்த போர்வை போட்டுக்கொள்ளலாம்.

எரிவாயு ஹீட்டரை உள்ளே வைத்துத் தூங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். இந்த அளவுக்குச் சின்னப் பெட்டியில் கார்பன் மோனாக்சைடு சேர நேரமாகாது. நிறமும் மணமும் இல்லாத வாயு, எழுப்பாமலே ஆளைக் கொண்டுபோய்விடும். ஹீட்டர் இல்லாவிட்டாலும் 25 டாலருக்கு ஒரு பேட்டரி அலாரம் வாங்கி மாட்டுங்கள், பக்கத்து வண்டிக்காரர் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கலாம். குளிருக்கு, கொதித்த தண்ணீரைக் கெட்டியான பாட்டிலில் ஊற்றி, சாக்ஸுக்குள் போட்டுக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய வைத்தியம், வேலை செய்யும்.

டாப்பரின் பின்கதவுப் பூட்டு வெளியிலிருந்து திருகுவது. உள்ளே படுத்திருப்பவர் அதைப் பூட்டவும் முடியாது, வெளியே யாராவது பூட்டிவிட்டால் திறக்கவும் முடியாது. கதவைப் பூட்டாமல், உள்ளே இரண்டு கொக்கி வைத்துக் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். அவிழ்த்தால் கதவு மேலே போகும், கையை வெளியே விட்டு டெயில்கேட்டைத் திறக்கலாம். முதல் பயணத்துக்கு முன் இருட்டில் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். டாப்பர் உங்கள் கேபினின் மூன்றாவது பிரேக் விளக்கை மறைக்கும். டாப்பரில் உள்ள விளக்குக்கு ஒயர் இழுக்க வேண்டும், அரை மணி வேலை.

யூட்டா போவதால் தூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வரிவரியான மண் சாலையில் ஓடும்போது வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, டெயில்கேட் சந்துகள் வழியே தூசியை உள்ளே உறிஞ்சும். டெயில்கேட்டைச் சுற்றி ரப்பர் சீல் ஒட்டுங்கள். ஒட்டாமல் போனால் மோவாப் போய்ச் சேரும்போது தலையணையில் மிளகாய்ப்பொடி தூவியது போல் செம்மண் படிந்திருக்கும்.

மின்சாரத்தில் பலர் பணத்தைக் கொட்டுகிறார்கள். ஃப்ரிட்ஜ் வேண்டுமா என்பதுதான் முழுக் கேள்வியும். 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் ஓடும்போது 45 வாட் போல இழுக்கும். நாளில் ஏறத்தாழ 40 சதவீத நேரம் ஓடினாலே 430 வாட்-மணி. அதற்குப் பெரிய பேட்டரி, அதற்குச் சோலார், அதற்கு ஒயர் என்று சங்கிலி நீளும். ஃப்ரிட்ஜ் இல்லை என்றால் போன், விளக்கு, சின்ன விசிறிக்கு 250 வாட்-மணி பவர் ஸ்டேஷன் (கையில் தூக்கும் பேட்டரிப் பெட்டி) மூன்று நாள் வரும், 200 டாலர் ஆகும். வண்டி ஓடும்போது சார்ஜ் ஆகட்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது என்பதால் குளிர் இரவில் கேபினில் விட்டுவிடாமல் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு ஐஸ் கூலர் போதும்.

நம் சாப்பாடே இதற்கு ஏற்ற சாப்பாடு, கவனித்தீர்களா? முதல் நாளுக்குப் புளியோதரை, எலுமிச்சைச் சாதம். கூலரே வேண்டாம். இரண்டாம் நாளுக்கு உறையவைத்த சாம்பார், அதுவே கூலருக்கு ஐஸ். அங்கேயே சோறு வடிக்க நினைத்தால் உயரத்தைக் கணக்கில் எடுங்கள். லெட்வில் போல 10,000 அடிக்கு மேல் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகவே வேகாது. சின்னக் குக்கர் ஒன்றை எடுத்துப் போங்கள். தேசியப் பூங்கா முகாம்களில் பொதுவாக இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம் என்பதை மட்டும் விசில் வைக்கும் முன் நினைவில் கொள்ளுங்கள். அடுப்பு விஷயத்தில், கடைகளில் கிடைக்கும் தட்டையான பியூட்டேன் அடுப்பு மலிவுதான், ஆனால் பியூட்டேன் உறைநிலையை ஒட்டி ஆவியாவதையே நிறுத்திவிடும். இலையுதிர் காலக் காலையில் காபி கிடையாது. புரொப்பேன் அடுப்பு வாங்குங்கள். அது மைனஸ் 40-லும் ஆவியாகும்.

சாப்பாட்டை நீங்கள் தூங்கும் தொட்டியில் வைக்காதீர்கள். கொலராடோ காடுகளில் கருங்கரடி உண்டு, பெருங்காய வாசனை அதற்குப் பிடிக்குமா என்று சோதித்துப் பார்க்க நீங்கள் ஆளில்லை. கரடிப் பெட்டி உள்ள முகாமில் அதில் வையுங்கள், இல்லாத இடத்தில் விதி அனுமதித்தால் மூடிய கேபினில். யோசெமிட்டி போனால் இருட்டிய பிறகு வண்டிக்குள்ளேயே உணவு வைக்கக் கூடாது என்பது விதி.

எங்கே நிறுத்துவது? தேசியப் பூங்காவுக்குள் முகாம் இடத்தில் மட்டும். சாலையோரத்தில் தூங்கினால் ரேஞ்சர் தட்டுவார். ஆனால் பூங்காக்களைச் சுற்றியுள்ள தேசிய வனங்களிலும் பி.எல்.எம். (மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகம்) நிலங்களிலும் பல இடங்களில் காசில்லாமல் தங்கலாம், பெரும்பாலும் ஒரே இடத்தில் 14 நாள் வரை. உள்ளூர் விதி மாறும், போகும் முன் அந்த அலுவலகத்தின் பக்கத்தைப் பாருங்கள். மோவாப் சுற்றுவட்டாரத்தில் மனிதக் கழிவைக் கையோடு எடுத்துவர வேண்டும். மூடியுள்ள 5 கேலன் வாளியும் அதற்கான பைகளும் வாங்கிவிடுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. நாமக்கல்லிலிருந்து வந்திருந்த அப்பா என் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நம்மூர் லாரி கிளீனர் இதைத்தானடா காலங்காலமாகச் செய்கிறான், அவனுக்கு யாரும் கேம்பர் என்று பேர் வைக்கவில்லை" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

கணக்கு: டாப்பர் 700, கிளாம்ப்பும் சீலும் 80, ஃபோம் ஓடு 40, மெத்தை இரண்டு 220, பவர் ஸ்டேஷன் 200, அடுப்பு 60, தண்ணீர் கேன் 25, அலாரம் 25, விசிறி, விளக்கு, வாளி, கயிறு 50. மொத்தம் 1,400. 50 பவுண்டு எடையுள்ள மடிக்கும் கேன்வாஸ் டாப்பரும் உண்டு. அடிக்கடி உயரமான சாமான் ஏற்றுபவருக்கு அது நல்லது, ஆனால் பூட்ட முடியாது, குளிரும். தொட்டியில் கட்டும் 200, 300 டாலர் கூடாரம் ஆண்டுக்கு மூன்று இரவுக்குப் போதும்; 15 இரவு என்றால், ஒவ்வொரு முறை வண்டியை நகர்த்தவும் அதைக் கழற்றியே ஆக வேண்டும் என்பதில் இரண்டாம் நாளே வெறுத்துவிடும். காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு போன் போட்டு டாப்பரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தக் காபி. டாப்பரின் பின்கதவைத் தூக்கினால் அதுவே டெயில்கேட்டுக்குக் கூரை. தூறலில் அங்கேயே அடுப்பை வைத்துக்கொள்ளலாம். கொட்டும் மழைக்கு வேறு ஏற்பாடு: டிகாக்ஷனை முந்தின இரவே இறக்கி, தூங்கும் முன் ஃபிளாஸ்க் நிறையக் கொதிநீர் ஊற்றி வைத்துவிடுங்கள். அடுப்பை உள்ளே கொண்டுவரவே கூடாது. பால்பவுடர், சர்க்கரை, இரண்டு டம்ளர் எல்லாம் சக்கர மேட்டின்மேல், உங்கள் மனைவி படுக்கும் பக்கம். நீங்கள் ஜன்னலோரம் நகர்ந்துகொள்ளுங்கள்; 38 அங்குலத்தில் கூரை நடுவில்தான் உயரம், அந்த இடம் அவருக்கு.